தண்ணீரில் சொன்னது

டொராண்டோ
2 செப்டம்பர் 1974

அக்கா,

இல்லை, காய்ச்சல் எதுவும் வரவில்லை. நனைந்தது காலணி மட்டும்தான். ஜன்னலோரம் காய்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

அறை சிறியது. எதிரே செங்கல் சுவர். புத்தகத்தைத் திறந்தால் ஏரிதான் வருகிறது. அந்த ஒரே நாள். தோணியைத் திருப்பும் பின்பலகையில் நீ, முன்பலகையில் நான், எப்போதும்போல. காட்டுத்தீயில் எரிந்த அக்கரை மேட்டில் புளூபெரி. கல்லின் மேல் காப்பி. உன் உதடெல்லாம் நீலம். திரும்பும்போது எதிர்க்காற்று.

பிறகு அந்த உரசல். இடப் பக்கம், தண்ணீருக்குச் சற்று அடியில். பாறையை நான் பார்த்தேன். நீயும் பார்த்துத் திருப்பிவிடுவாய் என்று சும்மா இருந்தேன். அத்தனை பெரிய பாறை.

அப்பாவின் சட்டம் எனக்கும் தெரியும். தண்ணீரில் சொன்னதைக் கரையில் எடுக்கக்கூடாது. கரையில் வாயே திறக்காதவர், தோணியில் ஏறினால்தான் மனிதர். அம்மா பிழைக்கமாட்டாள் என்பதையும் தோணியில்தான் சொன்னார். இறங்கியதும் மீன் கழுவப் போய்விட்டார். ஆனால் கடிதங்களைப் பற்றி அவர் எதுவும் சொல்லிவைக்கவில்லை. எனவே ஒரே ஒரு முறை எழுதுகிறேன்.

பின்னாலிருந்து நீ சொன்னாய்: "தைனா, இடப் பக்கம் எனக்குத் திரை விழுந்த மாதிரி இருக்குடி. பாறை வந்தா சத்தம் போடு."

"எப்போலேருந்து?"

"பனி உருகினதுலேருந்து."

"டாக்டர்கிட்ட..."

"துடுப்பைப் போடு. இது தண்ணில சொன்னது."

நான் திரும்பவில்லை. முன்னால் இருப்பவள் திரும்பினால் தோணி ஆடும். அதனால் அதைச் சொன்னபோது உன் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது.

நாளை பள்ளி திறக்கிறது. அந்த மஞ்சள் பேருந்தில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடிப்பாய். சாலையிலுள்ள பிள்ளைகள் அத்தனை பேரும் உன் முதுகுக்குப் பின்னால்.

டாக்டரிடம் போ, அக்கா.

தைனா


ஏரிக்கரை
12 செப்டம்பர்

தைனாவுக்கு,

நான் நலம். கால் நலம், கை நலம், பசி மிக நலம். நீ சாப்பிடுகிறாயா? ஏலக்காய் ரொட்டி ஒரு பொட்டலம் தனியாக வருகிறது. அறைத்தோழிக்கும் கொடு. ஒளித்துவைத்துத் தின்னாதே.

கடிதம் தபால் வண்டியில் வருகிறது. வண்டி சாலையில் வருகிறது. சாலை கரையில் இருக்கிறது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. இதற்கா பல்கலைக்கழகம்? அந்தப் பக்கத்தைச் சவுனாக் குளியலறை அடுப்பில் போட்டேன். நன்றாக எரிந்தது. நல்ல காகிதம் வாங்குகிறாய்.

தொலைபேசியில் கூப்பிடவும் வேண்டாம். ஒரே கம்பியில் ஏழு வீடு. போன முறை உன்னிடம் பல்வலி என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே லாக்சோ வீட்டம்மா நடுவில் புகுந்து, "கிராம்பு வெச்சியா ஹெல்மி?" என்று கேட்டாளே, மறந்துவிட்டாயா?

பேருந்தில் இந்த ஆண்டு புதிதாக மூன்று பேர். லாக்சோ வீட்டம்மாவின் மகள் கிர்ஸ்தியும் ஒருத்தி. ஏறியதிலிருந்து இறங்கும்வரை வாய் மூடுவதில்லை. அம்மாவைக் கொண்டிருக்கிறாள்.

குளிருக்கு முன் கோட்டுக்குப் பொத்தான் தைத்துக்கொள்.

ஹெல்மி


டொராண்டோ
30 செப்டம்பர்

அக்கா,

ரொட்டி வந்தது. ஒளித்துவைத்துத்தான் தின்றேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. தூக்கம்தான் சரியில்லை.

நீ சொன்னபடி எதுவும் எழுதவில்லை. என்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நேற்று முகத்தின் இடப் பக்கம் ஒரு புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தபடி தெருவைக் கடந்தேன். எப்படி இருக்கும் என்று பார்க்க. இருட்டாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. அந்தப் பக்கம் உலகமே இல்லாததுபோல் இருந்தது, அவ்வளவுதான். அங்கிருந்துதான் டிராம் வந்தது. ஓட்டுநர் நிறுத்தித் தலையை வெளியே நீட்டினார்.

"ஏம்மா, வீட்டுல சொல்லிட்டு வந்தியா?"

சொல்லவில்லை என்றேன். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

இதில் நீ எங்கும் வரவில்லை. சட்டத்தை மீறவில்லை.

அங்கே இலை உதிர்ந்துவிட்டதா? பேருந்து எப்படி ஓடுகிறது?

தைனா


ஏரிக்கரை
16 அக்டோபர்

தைனாவுக்கு,

தூங்குவதற்கு முன் பால் குடி. நகரத்துத் தெருவில் புத்தகத்தோடு விளையாடாதே. நான் சுகம்.

இலையெல்லாம் கொட்டிவிட்டது. தோணியை ஏற்றிக் கொட்டகையில் கவிழ்த்துவிட்டேன். அடியில் கீறல் ஒரு முழம் இருக்கும். பிசின் காய்ச்சிப் பூசியிருக்கிறேன். கை வைத்தால்தான் தெரியும்.

இந்த ஆண்டு மரலாரிகள் அதிகம். வழியும் விடுவதில்லை. ஓடைப் பாலத்தில் இடப் பக்கத் தூணை யாரோ உரசிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாலோ வந்து குந்தி உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "என்ன, தூண் ஏதாவது பேசுதா?" என்றேன். "ஒண்ணுமில்ல ஹெல்மி" என்று எழுந்து போய்விட்டான். பக்கத்து வீட்டில் இருபது வருஷம். ஒரு நாளில் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டான்.

உருளைக்கிழங்கு நல்ல விளைச்சல். கிறிஸ்துமஸுக்கு வருவாய் அல்லவா?

ஹெல்மி


டொராண்டோ
24 அக்டோபர்

அக்கா,

நலம். நலம்தானே?

ஒரே கேள்வி. தூணில் ஒட்டியிருந்த பெயிண்ட் என்ன நிறம்?

தைனா


ஏரிக்கரை
15 நவம்பர்

தைனாவுக்கு,

பதில் தாமதம். சளி பிடித்திருந்தது, இப்போது இல்லை. உனக்கு அங்கே பனி விழுந்ததா? இங்கே முழங்கால் அளவு. ஏரி ஓரத்தில் உறைய ஆரம்பித்துவிட்டது. நடுவில் மட்டும் கறுப்பாகத் தண்ணீர் தெரிகிறது.

பேருந்தில் புதிதாக ஒரு விளையாட்டு. கிர்ஸ்தியை முன்னிருக்கையில் உட்காரவைத்திருக்கிறேன். இடப் பக்கம் எது வந்தாலும் அவள் கத்தவேண்டும். "லாரி!" "நாய்!" "சாலோ மாமா!" ஆறு வயதுக்கு என்ன குரல். ஒன்றையும் விடுவதில்லை. தவறாமல் சொன்னால் வெள்ளிக்கிழமை ஒரு மிட்டாய். மற்ற பிள்ளைகளுக்குப் பொறாமை. நேற்று ஒருவன், "நாளைக்கு நான்தான் கத்துவேன்" என்று அழுதான். "உனக்குக் கண்ணு பத்தாதுடா" என்று கிர்ஸ்தி அவனை விரட்டிவிட்டாள்.

வீட்டுக்குப் போயும் கத்துகிறாளாம். சாப்பிடும்போது, "இடப் பக்கம் உருளைக்கிழங்கு!" லாக்சோ வீட்டம்மா சிரித்துச் சிரித்துச் சொன்னாள்.

கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறேன். வந்து வாங்கிக்கொள்.

ஹெல்மி

கேட்டிருந்தாய். மஞ்சள்.


டொராண்டோ
21 நவம்பர்

அக்கா,

கரை, சாலை, தபால் வண்டி. எல்லாம் தெரிந்தேதான் எழுதுகிறேன்.

தூணை உரசியது உன் பேருந்து. உனக்கு இடப் பக்கம் தெரியவில்லை. ஒரு குழந்தையை முன்பலகையில் உட்காரவைத்துப் பாறை சொல்ல வைத்திருக்கிறாய். தான் என்ன செய்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மிட்டாய்க்காகச் செய்கிறாள். ஒரு நாள் அவளுக்குத் தூக்கம் வரும். ஒரு நாள் ஜன்னலில் பனி படியும்.

மூன்று மாதமாக நான் என்ன செய்தேன்? ரொட்டியையும் இலையையும் பற்றி எழுதினேன். ஆகஸ்டிலும் பாறையைப் பார்த்தும் சும்மா இருந்தேன். அதே தவறுதான். இது மட்டும் பெரிய தோணி.

நகரத்தில் கண் டாக்டர் இருக்கிறார். சாலோ கூட்டிக்கொண்டு போவார். நீ போகவில்லையென்றால் லாக்சோ வீட்டம்மாவுக்கு எழுதுவேன்.

இந்தப் பக்கத்தையும் எரி. மறுபடியும் எழுதுவேன்.

தைனா


டொராண்டோ
14 டிசம்பர்

அக்கா,

பதில் இல்லை. நீ சுகமாக இருக்கிறாய் என்று நானாக எடுத்துக்கொள்கிறேன். தேர்வுகள் முடிந்தன. எப்படி எழுதினேன் என்று கேட்காதே. இருபத்திரண்டாம் தேதி ஞாயிறு ரயிலில் வருகிறேன். சாலோவை நிலையத்துக்கு அனுப்பு.

நீ ஓட்டிக்கொண்டு வராதே.

தைனா


டொராண்டோ
29 டிசம்பர்

அக்கா,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். கால்விரல்கள் பத்தும் இருக்கின்றன. உன் விரல்கள்?

கடையில் சாலோ தன் பத்து வார்த்தையில், உறைந்த ஏரியில் நாம் தோணி ஏறிய கதையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அவர் சொல்வதே சாலை முழுக்க நிலைத்துவிடும். அதற்குள் என்னுடையதையும் எழுதிவைக்கிறேன். பனிக்கட்டி தண்ணீரா கரையா என்று நாம் இன்னும் முடிவு செய்யவில்லை. அதனால் இதை எழுதலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு நாள் நாம் ஒரே வீட்டில் இருந்தோம். நீ மாவு பிசைந்தாய். நான் பனி வாரினேன். நான் வாயைத் திறந்தால் நீ விறகு எடுக்கப் போனாய். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சவுனாவில் அடுப்பு ஏற்றிவிட்டு வந்தாய். அப்போதுதான் நான் கொட்டகையிலிருந்து தோணியை இழுத்து உறைந்த ஏரிமேல் வைத்து, முன்பலகையில் ஏறி உட்கார்ந்தேன்.

கரையில் இடுப்பில் கை வைத்து நின்றாய்.

"மூளை கலங்கிருச்சாடி?"

"ஏறு."

"அது பனிக்கட்டி."

"அடியில தண்ணிதான்."

உள்ளே போய்விட்டாய். கதவு சாத்தும் சத்தம். நான் உட்கார்ந்திருந்தேன். எழுந்துவிடலாமா என்று ஒவ்வொரு நிமிடமும் நினைத்தேன். கால் முதலில் வலித்தது, பிறகு வலிக்கவில்லை. பின்னால் பனி நொறுங்கியது. தோணி ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. நீ ஏறிவிட்டாய். நான் திரும்பவில்லை.

"ரொம்ப நேரம் உக்காந்தா அடி ஒட்டிக்கும்" என்றாய்.

"ஒட்டட்டும். கிர்ஸ்தி ஒரு நாள் வரலைன்னா?"

"வரல. இந்த மாசம் காய்ச்சல்ல மூணு நாள் வரல."

"என்ன பண்ணினே?"

"மெதுவா ஓட்டினேன்." நீ பலகைமேல் பனியைத் தட்டிவிடும் சத்தம். "மிச்சப் பிள்ளைங்க பாட்டுப் பாடிக்கிட்டு வந்துதுங்க. அதுங்க பாட்டை நிறுத்துனா ஏதோ வந்துட்டுதுன்னு நெனச்சுப் பிரேக்கைப் போட்டேன். அப்படித்தான் ஓட்டினேன், தைனா."

நான் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

"பஸ் சாவியைக் குடுத்துட்டா காலைல எதுக்குடி எழுந்திரிக்கணும்? நீ சொல்லு. படிச்சவதானே."

நான் கோட்டுப் பைக்குள் கையை விட்டேன்.

"லாக்சோ வீட்டம்மாவுக்குக் கடிதம் எழுதிட்டேன். கோட்டுப் பையில இருக்கு."

"குடு பாப்போம்."

"மாட்டேன்."

"என்னைக் காட்டிக் குடுப்பியா?"

"பாறை வந்தா சத்தம் போடச் சொன்னது நீதான்."

அப்போதுதான் கரையிலிருந்து சாலோ கத்தினார். "ஹெல்மி! ஏரி உருக இன்னும் நாலு மாசம் இருக்கு!"

"கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி கெளம்பிட்டோம்!" என்று நீ கத்தினாய்.

பிறகு சிரித்தாய். தோணி முழுக்க அதிர்ந்தது. போகப் போக அது சிரிப்பா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பியிருந்தால் தெரிந்திருக்கும். பனிக்கட்டிமேல் தோணி ஆடாது. திரும்பியிருக்கலாம். அது எனக்கு ரயிலில்தான் தோன்றியது.

சொன்னதுபோலவே அடி ஒட்டிக்கொண்டது. நீ கெட்டிலில் வெந்நீர் கொண்டுவந்து சுற்றிலும் ஊற்றினாய். இருவரும் தள்ளினோம். அதற்குப் பிறகு நான் ரயில் ஏறும்வரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்தக் கடிதத்துக்குத் தபால்தலை ஒட்டியிருக்கிறேன். பள்ளி திறப்பது ஜனவரி ஆறாம் தேதி, திங்கட்கிழமை. அதற்குள் நீ ஏதாவது செய்தி சொல்லவேண்டும். இல்லையென்றால் அன்றே பெட்டியில் போட்டுவிடுவேன்.

காலுறை கதகதப்பாக இருக்கிறது.

தைனா


ஏரிக்கரை
9 பிப்ரவரி 1975

தைனாவுக்கு,

என் விரல்களும் இருக்கின்றன. நீ கண்விழித்துப் படிக்காதே, கண் கெட்டுவிடும். இதை நான் சொல்வதைப் பார்த்துச் சிரித்துக்கொள்.

பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு சாலோவைக் கூப்பிட்டுப் பேருந்தைப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டச் சொன்னேன். நான் கிர்ஸ்தியின் இருக்கையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தால் சாலை அகலமாக இருக்கிறது.

பாலம் வந்தபோது, "நீ ஏன் ஓட்டல?" என்று கேட்டான்.

"இடப் பக்கம் தெரியல."

கரையில் சொன்ன முதல் வார்த்தை. சொல்லிவிட்டு, இடி விழும் என்பதுபோல உட்கார்ந்திருந்தேன். அவன் கியரை மாற்றினான்.

"தூணைப் பாத்தப்பவே தெரியும்" என்றான்.

அக்டோபரிலிருந்து தெரியும். தினமும் என்னைத் தாண்டிப் போயிருக்கிறான், கை அசைத்திருக்கிறான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ஏண்டா சொல்லல?" என்றால், "உன் விஷயம்னு நெனச்சேன்" என்கிறான். பள்ளிக்கூடம் வரைக்கும் திட்டினேன். உன்னைத் திட்டவேண்டியதையும், அப்பாவைத் திட்டவேண்டியதையும் அவன் ஒருவனே வாங்கிக்கொண்டான். சாவியைப் பள்ளி அலுவலக மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

டாக்டர் கண்ணுக்குள் அழுத்தம் என்கிறார். போனது போனதுதானாம். இருப்பதைக் காப்பாற்றலாமாம். வசந்தத்திலேயே வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும் என்றார். சொட்டு மருந்து தந்திருக்கிறார். எரிகிறது.

அந்த வாரக் கடைசியில் லாக்சோ வீட்டம்மா வந்தாள். இரண்டு காப்பி குடித்தாள். குளிரைப் பற்றிப் பேசினாள், பன்றி விலையைப் பற்றிப் பேசினாள். எழுந்து கையுறை மாட்டும்போது, "கிர்ஸ்தி உன்னைத் தேடுறா" என்றாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கணமே நீ கடிதத்தைப் போட்டுவிட்டாய் என்று தெரிந்துகொண்டேன்.

நீ சொன்ன திங்கட்கிழமைக்கு முந்தின நாளே நான் சாவியைக் கொடுத்துவிட்டேன், தைனா. நீ போட்டிருக்கவேண்டியதில்லை.

காலையில் இன்னும் அதே நேரத்துக்கு விழிப்பு வருகிறது. காப்பி போட்டுக்கொண்டு ஜன்னலில் நிற்கிறேன். பேருந்து போகிறது. முன்னிருக்கையில் இருந்து கிர்ஸ்தி ஏதோ கத்துவது தெரிகிறது. "ஹெல்மி அத்தை வீடு!" என்றுதான் இருக்கும். புதிய ஓட்டுநருக்கு அது எதற்கு என்று புரியாது.

உன்மேல் கோபம் இருக்கிறது. அதைக் கடிதத்தில் எழுதமாட்டேன். ஏரி உருகியதும் வா, தண்ணீரில் சொல்கிறேன். இந்த முறை பின்பலகை உனக்கு. நான் முன்னால் உட்காருவேன். பாறை எதையும் சொல்லமாட்டேன். இடித்தால் இடிக்கட்டும்.

ஹெல்மி


டொராண்டோ
20 ஏப்ரல்

அக்கா,

எரிந்தாலும் சொட்டு மருந்தை விடாதே. நான் நலம். தூங்குகிறேன்.

ஆமாம், போட்டேன். திங்கட்கிழமை நாள் முழுக்க உன் செய்திக்குக் காத்திருந்து, மாலையில் போட்டேன். பெட்டிக்குள் விழுந்த சத்தம் கேட்டதும் கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்தேன். வரவில்லை. நீ சாவியைக் கொடுத்ததை எனக்கு ஒரு வரியில் எழுதியிருக்கலாம். ஐந்து வாரம் எழுதவில்லை. இதையும் தண்ணீரில் பேசிக்கொள்வோம். மன்னிப்புக் கேட்கமாட்டேன் என்பதை மட்டும் இப்போதே சொல்லிவைக்கிறேன், கரையிலேயே.

மே பத்தாம் தேதி ரயிலுக்குச் சீட்டு எடுத்துவிட்டேன்.

எனக்குப் பின்பலகையில் உட்காரத் தெரியாது. இருபத்துமூன்று வயதில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. அதனால் இன்று பிற்பகல் இங்குள்ள ஆற்றுக்குப் போனேன். வாடகைக்குத் தோணி தருபவர், "தனியாவா?" என்று இரண்டு முறை கேட்டார். முன்னால் ஆள் இல்லாததால் மூக்கு மேலே தூக்கிக்கொண்டது. கரையில் ஒரு கல்லைத் தேடி எடுத்து முன்பலகைக்கு அடியில் வைத்தேன். முதலில் வெகுநேரம் ஒரே இடத்தில் வட்டம் சுற்றினேன். பிறகு கொஞ்சம் நேராகப் போனது. கல்லைத் திரும்பக் கரையில் வைத்துவிட்டு, தோணியைக் கொடுத்துவிட்டு, நடந்து அறைக்கு வந்து, காலணியை ஜன்னலோரம் காயவைத்தேன்.

தைனா